போனில் தெரியாத மூக்கு

ராஸ் லஃபான் கேம்ப்,
கத்தார்.
12-3-2004, வெள்ளி

பேரன்புக்கும் சற்றுப் பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு, மருமகன் சிவசங்கரன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே வெயில் இன்னும் கோபப்படத் தொடங்கவில்லை. உடம்பு சௌகரியம். தங்கள் மூட்டுவலியும் அத்தையின் ரத்த அழுத்தமும் அம்மாவின் கவலையும் வழக்கமான அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

மாமா, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவகோட்டைப் பெண்ணுக்கு நான் சம்மதம் சொல்லவில்லை. மாட்டேன் என்றுதான் சொன்னேன். போனில் தாங்கள் கேட்டபோதே, இரண்டு முறை, தெளிவாகச் சொன்னேன்.

மூக்கால் சொன்னேன்.

தயவுசெய்து கடிதத்தைக் கீழே வைக்காமல் தொடர்ந்து படிக்கவும்.

எங்கள் சைட்டுக்கு டிசம்பரில் ஒரு வெல்டிங் இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் ஜோவனாசி. கட்டையான உருவம், அகன்ற முகம். என் அறைவாசி கார்மேகம் அவரை நேபாளி என்று முடிவுகட்டி ஒரு வாரம் இந்தியில் குசலம் விசாரித்தான். எந்தக் கேள்விக்கும் அவர் இரண்டு புருவங்களையும் தூக்கிச் சிரித்தார். பிறகுதான் தெரிந்தது. கனடா நாட்டின் வடகோடி. மரம் முளைக்காத பனிக்கடல் ஓரத்தில் ஆயிரத்து இருநூறு பேர் வாழும் ஊர். இன்னொரு அறைவாசி வைரவன் உற்சாகமாகிவிட்டான்.

“அட, எஸ்கிமோ! அஞ்சாங் கிளாஸ் புஸ்தகத்துல படம் போட்டிருந்துச்சே!”

நான் மொழிபெயர்த்தேன். அது மற்றவர்கள் வைத்த பெயர், நாங்கள் இனுயிட் என்று அவர் சொன்னார். அதையும் மொழிபெயர்த்தேன்.

“விடுங்கண்ணே,” என்றான் வைரவன். “எங்களையும் இங்க எல்லாரும் மதராசின்னுதான் சொல்றான். நாங்க சிவகங்கை.”

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணன்.

அவருக்கு சீனியர் குடியிருப்பில் தனி அறை உண்டு. பெரிய டிவி உண்டு. வீடியோ கேசட் போடும் பெட்டி மட்டும் இல்லை. எங்கள் அறையில் வைரவன் தோஹாவில் பழசாக வாங்கிய ஒன்று இருக்கிறது. அண்ணனின் அம்மா மாதம் ஒரு பார்சல் அனுப்புவார். ஊரின் உள்ளூர்த் தொலைக்காட்சியை அப்படியே பதிவு செய்து நான்கு கேசட். மகன் மணலுக்குப் போய்விட்டான், பேச்சை மறந்துவிடுவான் என்று அந்த அம்மாவுக்குப் பயம். ஆகவே வியாழன்தோறும் டியூட்டி முடிந்து குளித்துவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டோடு அண்ணன் எங்கள் அறைக்கு வருவார். நாங்கள் கட்டிலில். அவர் தரையில்.

அந்தத் தொலைக்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும் மாமா. அதில் சண்டை இல்லை. அழுகை இல்லை. ஒரு பெரியம்மா அரை மணி நேரம் சீல் என்னும் கடல்நாயின் தோலில் பூட்ஸ் தைக்கிறார். கையில் அரை நிலா வடிவக் கத்தி. பேசவே இல்லை. கேமரா அவர் விரலைவிட்டு நகரவும் இல்லை. அப்புறம் ஒருவர் மேசையில் உட்கார்ந்து அறிவிப்பு வாசிக்கிறார். விருந்து நடந்த ஹாலிலிருந்து பெரிய கெட்டிலை எடுத்துப் போனவர் கொண்டுவந்து வைக்கவும். ஏர்போர்ட் பக்கம் பனிக்கரடி தென்பட்டது, பிள்ளைகளை வெளியே விட வேண்டாம். அந்தக் கெட்டில் மூன்று கேசட் வரைக்கும் கிடைக்கவில்லை. நாலாவது கேசட்டில் கிடைத்துவிட்டது என்று அறிவித்தபோது கார்மேகம் கைதட்டினான். கீழே ஓடும் எழுத்தெல்லாம் முக்கோணமும் கொக்கியுமாக இருக்கும். அதைப் பைப்லைன் டிராயிங் என்று நினைத்து, “வால்வை எங்க போட்டிருக்கான்?” என்று கேட்டவனும் அவன்தான்.

ஒரு நாள் ஊர் விருந்து காட்டினார்கள். ஹாலின் தரையில் அட்டையை விரித்து, உறைந்த கலைமான் இறைச்சியும் சீல் இறைச்சியும் குவித்து, ஊரே சுற்றி உட்கார்ந்து வெட்டிச் சாப்பிடுகிறது. வேட்டைக்குப் போனவன், போகாதவன் எல்லாருக்கும் பங்கு. சமைக்கவில்லையே என்று முகம் சுளித்த வைரவன், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “எல்லாம் சரி. நம்ம ரூம்ல பேப்பர் விரிச்சுத் திங்கிற மாதிரிதான் இருக்கு. அடுப்பு ஒண்ணுதான் பாக்கி.” அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். மொழிபெயர்ப்பதற்கு முன்பே சிரித்தார்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். அந்த ஊரில் ஆமாம் என்பதற்கு வாய் தேவையில்லை. புருவத்தைத் தூக்கினால் ஆமாம். மூக்கைச் சுருக்கினால் இல்லை. குளிரில் வாயைத் திறப்பானேன் என்பது கார்மேகத்தின் விளக்கம். அண்ணன் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. டிவியில் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை இப்படித்தான். வாரம் நான்கு மணி நேரம், மூன்று மாதம். ஒட்டிக்கொண்டது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம், மூன்று மதராசிகள் மெஸ் வரிசையில் நின்று பருப்புக்குப் புருவம் தூக்குவதை.

இதனால் வந்த கேடுகள் கொஞ்சமல்ல. எங்கள் ஃபோர்மேன் கௌஸ் முகைதீன் பாய் கீழக்கரைக்காரர், நல்ல மனிதர், ஆனால் நம் பக்கத்தில் புருவத்தைத் தூக்கினால் ‘என்ன?’ என்றுதானே அர்த்தம், அவர் வந்து கார்மேகத்திடம் “போல்ட்டு டைட் பண்ணியாச்சா?” என்று கேட்க, இவன் ஆமாம் என்று புருவத்தைத் தூக்க, காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று அவர் இன்னும் பலமாகக் கேட்க, இவன் இன்னும் பலமாகத் தூக்க, இப்படியே ஏழு முறை நடந்து, எட்டாவது முறை அவர் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் அடித்து, “ஏம்ப்பா, நாந்தானே உன்னக் கேக்குறேன்? நீ என்ன என்னையவே என்னாங்குற?” என்று கத்தி, கார்மேகத்தைக் காதுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். வைரவன் கதை அதைவிட மோசம், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை டியூட்டிக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு அவன் மூக்கைச் சுருக்கியிருக்கிறான், ஆனால் முகத்தில் தூசு மாஸ்க், மாஸ்க்குக்குள் மூக்கு என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும், மறுப்பு இல்லை என்று பெயரை எழுதிக்கொண்டார்கள், மூன்று வெள்ளி தொடர்ந்து வேலை பார்த்தான். “மூக்கை நம்பி மோசம் போயிட்டேன்டா” என்று என்னிடம் சொன்னான். அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பிப்ரவரி முதல் வியாழன் பார்த்த கேசட்டையும் சொல்லியாக வேண்டும். அந்த டிவியில் ஊர்க்காரர்கள் போன் செய்து பேசும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அறிவிப்பாளர் ரிசீவரை மைக்கில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். பேசுகிறவர் நிறுத்தினாலும் அவசரப்படுத்த மாட்டார். நிமிடக்கணக்கில் காத்திருப்பார். அன்று ஒரு பெண் குரல் வந்தது. அண்ணன் பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

“யாரு?” என்றான் வைரவன்.

“அம்மா.”

மகன் ஒரு மாதம் கழித்துப் பார்ப்பான் என்று தெரிந்து, ஊர் முழுக்கக் கேட்க, டிவிக்குப் போன் போட்டிருக்கிறார். குரல் நிதானமாக வந்தது. அண்ணன் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். உன் தம்பிக்கு இந்த வருஷம் முதல் சீல் கிடைத்தது. உன் பங்கை எடுத்து வைத்திருக்கிறேன். சாப்பிட்டாயா? அங்கே எல்லாம் சரியாக இருக்கிறதா?

அப்புறம் அந்த அம்மா பேசவில்லை. அறிவிப்பாளரும் பேசவில்லை. திரையில் ஒரு மேசை, ஒரு போன், ஒரு மனிதர். கடிகாரச் சத்தம்கூடக் கேட்டது.

அண்ணன் டிவியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

வைரவன் மெதுவாகக் கேட்டான். “அண்ணே, அந்தம்மாவுக்கு அது தெரியவா போகுது?”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவளுக்கு என் முகம் தெரியும்.”

அடுத்த வியாழன்தான் மாமா, நான் தங்களுக்குப் போன் செய்தேன்.

“மாப்ளே, பொண்ணு வீட்ல காத்துக்கிட்டிருக்காக. சரின்னு சொல்லிறட்டுமா?”

மூக்கைச் சுருக்கினேன்.

“என்னப்பா, சத்தத்தைக் காணோம்?”

இன்னும் பலமாகச் சுருக்கினேன். கண்ணாடி நழுவி ரிசீவரில் இடித்தது.

தாங்கள் ரிசீவரை மூடாமலே அத்தையிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. “மீனாம்பா, பய வெக்கப்படுறான்டி. வெத்தலையை எடு.”

போன் கார்டு தீர்ந்துவிட்டது. மறு வாரம் போன் செய்தால் அம்மா அழுதுகொண்டே பேசுகிறார், சந்தோஷத்தில். நிச்சயம் முடிந்து, வைகாசியில் முகூர்த்தம் குறித்து, மண்டபத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

வாயால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். யோசித்தேன். மூன்று வாரமாக யோசிக்கிறேன். தமிழ் எம்.ஏ. முடித்தவனைக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்தீர்கள். மாட்டேன் என்றேன். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிப் போனீர்கள். மாட்டேன் என்றேன். எல்லாம் முகத்திலேயே சொன்னவை. அண்ணன் வருவதற்கு முன்பே நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன். அவர் ஊர் எனக்கு அதற்கொரு முறையை மட்டும்தான் கற்றுக்கொடுத்தது. பழியை ஒரு தொலைக்காட்சி மீது போடுவது நியாயமில்லை.

இதில் தங்கள் தவறு ஒன்றுமில்லை. அப்பா போனபின் எங்களுக்கு ஒரு குறையும் வைக்காதவர் தாங்கள். கேட்டீர்கள். பதில் வரவில்லை. நல்ல பதிலாக நினைத்துக்கொண்டீர்கள். என் முகம் தெரிந்தவர் என்பதால் எப்படியோ கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் மீது குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பெயர் ஜெயபாரதி என்பதும், பி.எட். படிக்கிறாள் என்பதும், போட்டோவில் சிரிக்கவில்லை என்பதும் மட்டுமே தெரியும். வேண்டாம் என்பதற்குப் பெரிய காரணமில்லை. வேண்டும் என்பதற்கும் இல்லை. காரணமில்லாமல் ஒருத்தியின் வீட்டு வாசலில் மாலையோடு நிற்பது சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். ஆகவே, எழுத்தில், நீல மையில், கையெழுத்திட்டுச் சொல்கிறேன்: மாட்டேன். பெண் வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடவும். அவர்கள் மனம் நோகாமல் இருக்க என்ன பழியை வேண்டுமானாலும் என்மீது போட்டுக்கொள்ளலாம். குடிப்பதாகக்கூடச் சொல்லலாம். இந்த நாட்டில் அது முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாமலிருந்தால்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அம்மாவிடம் நேரம் பார்த்துச் சொல்லவும், சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லவும். வைரவனும் கார்மேகமும் தங்களைக் கேட்டதாகச் சொன்னார்கள். ஜோவனாசி அண்ணன் தங்கள் வீட்டுக் கோபம் சீக்கிரம் தணியட்டும் என்றார். தங்கள் ஆசி எப்போதும்போல என் தலைமேல் இருக்கட்டும், கை மட்டும் ஓங்காமல்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட, இந்த ஒரு முறை தவிர,
சிவசங்கரன்

பின்குறிப்பு: அதே நாள், மாலை.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன், அந்தப் பெண்ணுக்கு நானே ஒரு வார்த்தை சொல்வதுதான் மரியாதை என்று தோன்றியது. அத்தையின் பழைய கடிதத்தில் நம்பர் இருந்தது. அவளே எடுத்தாள்.

“யாரு?”

“சிவசங்கரன்.”

“எந்த சிவசங்கரன்?”

“கத்தார்.”

“ஓ. நிச்சயம் பண்ணுன சிவசங்கரனா.”

நான் வழக்கம்போல நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. வைகாசியில் தனக்குப் பரீட்சை என்றும், வீட்டில் சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள் என்றும், மாப்பிள்ளையாவது வாயுள்ளவராக இருப்பார் என்று மூன்று வாரமாகக் காத்திருந்ததாகவும், காத்திருந்தது வீண் போலத் தெரிகிறது என்றும் சொன்னாள். பிறகு கேட்டாள்.

“உங்களுக்கு இதுல விருப்பம்தானா? என்னை யாரும் கேக்கல. நானாவது உங்களைக் கேக்குறேன். லைன்லதான் இருக்கேன். மெதுவாவே சொல்லுங்க.”

உண்மையிலேயே காத்திருந்தாள் மாமா.

“பத்து நிமிஷம் முந்தி வரைக்கும் இல்ல,” என்றேன்.

“இப்ப?”

“இப்பத் தெரியல.”

“அப்பாடா,” என்று சிரித்தாள். “எனக்கும் அங்கதான் நிக்குது.”

ஆகவே மேலே எழுதியுள்ள எதையும் பெண் வீட்டில் சொல்ல வேண்டாம். குடிப்பதாகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டாம். மண்டபத்தை விட வேண்டாம், மாதத்தை மட்டும் மாற்றவும். இதைத் தங்களிடம் எழுதுகிறேன் என்றேன். நீங்கள் எழுதிச் சரிப்படாது, இருபத்தெட்டாம் தேதி ஞாயிறு நானே நேரில் வந்து உங்கள் மாமாவிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். நான்கு பக்கத்தைத் திரும்ப எழுத எனக்குப் பொறுமையில்லை. அம்மா கண்ணில் படாமல் தாங்களே கிழித்துவிடவும்.

அவள் வந்தால் உட்காரச் சொல்லவும். தாங்களும் உட்கார்ந்துகொள்ளவும். நேரம் ஆகும்.