ஐந்தாம் மாடியில் குறுவை

வாடகை வீட்டின் பால்கனியில் நெல் விதைத்தவன் நான். இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. என் மனைவி காந்திமதி கல்யாண வீடு, காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இருந்த வெட்கத்தையும் தீர்த்துவிட்டாள்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. தஞ்சாவூரில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் உத்தியோகம். ஊரில் லிப்ட் வைத்த அடுக்குமாடிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றில் ஐந்தாம் மாடியில் குடியிருந்தோம். சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். தரையில் முகம் பார்க்கலாம். படுத்துக் குளிக்க வெள்ளைத் தொட்டி ஒன்று இருந்தது (நாங்கள் அதில் அரிசி மூட்டை வைத்திருந்தோம்). என் அப்பா முதல் தடவை வந்தபோது செருப்பைக் கீழே கழற்றி விட்டுவிட்டு லிப்டில் ஏறினார்.

அப்பா நன்னிலம் பக்கம் குத்தகை விவசாயி. நிலக்காரர் அவரை வெளியேற்ற கோர்ட் அமீனாவைக் கூட்டி வருகிறார் என்று தெரிந்ததும், விடியற்காலையிலேயே அவரும் அம்மாவும் நாற்றைப் பறித்து வயல் முழுக்க நட்டுவிட்டார்கள். அமீனா வரப்பில் நின்று பச்சையைப் பார்த்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். ஓர் இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் சாமி கதை கேட்டு வளர்ந்த பிள்ளை கிடையாது. இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். முடிக்கும்போது அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்வார்: "பயிர் நிக்கிற நெலத்துலேர்ந்து எந்தக் கொம்பனும் நம்மள எறக்க முடியாதுடா."

நான் பட்டப்படிப்பு வரை படித்தும், மனதில் தங்கியது இந்த ஒரு வரிதான்.

ஆனி மாதம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. தர்மலிங்கம் என்று பெயர். திருக்காட்டுப்பள்ளிக்காரர். அதுவரை நான் பார்த்ததில்லை, வாடகை பேங்கில் கட்டுவதோடு சரி. மகன் மாற்றலாகி வருகிறானாம். ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டுமாம்.

காந்திமதிக்கு அப்போது ஏழாம் மாதம். முந்தின வருஷம் ஒன்று தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை டாக்டரம்மா தையல் போட்டு, "படி ஏறக் கூடாது, வண்டியில போகக் கூடாது, படுத்தே இருக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளுக்கு அம்மாவும் இல்லை. லிப்ட் இல்லாத வேறு வீட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய், இதுவும் நழுவிப்போனால்? எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

"அவருக்கு ஒரு கார்டு போட்டு நெலமையைச் சொல்லுங்களேன்" என்றாள் காந்திமதி.

"நெலக்காரன்கிட்ட போய்க் கெஞ்சறதா? எங்க பரம்பரையிலேயே யாரும் கேட்டதில்ல" என்றேன். (பரம்பரை என்றால் அப்பாவும் நானும்தான்.)

பிறகு பால்கனிக்குப் போய் நின்று யோசித்தேன். கிழக்குப் பார்த்த பெரிய பால்கனி. நல்ல வெயில். அப்பாவின் வரி ஞாபகம் வந்தது. படித்தவன், இன்சூரன்ஸ் விதிகளை ஷரத்து ஷரத்தாக மற்றவர்களுக்கு விளக்குகிறவன், அந்த இடத்தில் நின்று முடிவு செய்தேன்: பயிர் வைத்துவிட வேண்டியதுதான்.

ஒரு படி விதை நெல் வேண்டும் என்று அப்பாவுக்கு எழுதினேன். எதற்கு என்று எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அரிசி மூட்டையை இறக்கிவிட்டு வெள்ளைத் தொட்டியில் நெல்லை ஊறவைத்தேன். கட்டியதிலிருந்து அந்தத் தொட்டிக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலை அது. புது ஆற்றங்கரையிலிருந்து உர மூட்டைச் சாக்கில் சேற்றை அள்ளி, ஸ்கூட்டரில் வைத்து, எட்டு நடை லிப்டில் ஏற்றினேன். மாட்டுச் சாணமும் கொஞ்சம் வந்தது.

"என்னங்க அங்க சத்தம்?" என்று உள்ளிருந்து காந்திமதி கேட்டாள்.

"செடி வைக்கிறேன். பச்சையைப் பாத்தா உனக்கு நல்லது."

"ரோஜாவா?"

"அது மாதிரி" என்றேன்.

மறுநாள் லிப்ட் வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. 'லிப்டில் சேறு. யார் வேலை என்று தெரிந்தவர்கள் சங்கத்திடம் தெரிவிக்கவும்.' குடியிருப்போர் சங்கச் செயலாளர் சாரங்கபாணி எங்களுக்கு நேர்கீழே நாலாம் மாடியில் இருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவரோடு நின்று அறிவிப்பைப் படித்து, "இந்தக் காலத்துல யாருக்கு சார் பொறுப்பு இருக்கு?" என்று வருத்தப்பட்டேன் (சேற்றுக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு).

பால்கனியின் தண்ணீர்த் துவாரத்தைப் பழைய சேலைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். சேற்றை மட்டம் செய்து, முளைகட்டிய விதையைத் தெளித்தேன். பத்து நாளில் மெத்தை விரித்த மாதிரி நாற்று எழும்பியது. காலையில் காப்பி டம்ளரோடு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பயமெல்லாம் போய், வருகிற அமீனா வரட்டும் என்று இருந்தது.

ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள் மழை கொட்டியிருந்தது. நாற்று மூழ்கிக் கிடந்தது. தண்ணீரை வடிக்காவிட்டால் அழுகிவிடும். விவசாயி மகன் என்ன செய்வான்? மடையைத் திறப்பான். துணியைப் பிடுங்கினேன்.

சேறும் சாணமும் கலந்த தண்ணீர் குழாய் வழியாகக் கீழ் பால்கனியில் பாய்ந்தது. கீழே ஒரு நாற்காலி விழுகிற சத்தம். பிறகு சாரங்கபாணியின் குரல்: "ஐயோ, வேட்டி."

அந்த வேட்டி தர்மலிங்கத்தினுடையது. வீடு எப்போது காலியாகும் என்று விசாரிக்க வந்தவர், கீழே பால்கனியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டு நிமிஷத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். கையில் இன்னும் அந்தத் துணி இருந்தது.

"மூணு வாரமா லிப்ட் சேத்துக்கு ஆள் தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் சாரங்கபாணி.

தர்மலிங்கம் தலையிலிருந்து சொட்டச் சொட்ட, முகம் பார்க்கிற தரையில் நடந்து பால்கனிக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார். குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன ரகம்?"

"ஆடுதுறைங்க. குறுவைக்கு."

"ரொம்ப நெருக்கித் தெளிச்சிருக்கீங்க. நூலாப் போயிடும்" என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "அப்பா எந்த ஊரு?"

"நன்னிலம் பக்கங்க."

"குத்தகையா?"

"ஆமாங்க ஐயா."

அப்படியே பால்கனி நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க ஊர்ல குத்தகைக்கு விட்ட நெலத்துக்காகப் பதினாறு வருஷம் தம்பி. கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைஞ்சு செருப்புத் தேஞ்சுது. எப்பப் போனாலும் வயல்ல பயிர் நிக்கும். எந்தக் கட்சி வந்தாலும் சட்டம் உங்க பக்கம். கடைசியில கேட்ட வெலைக்கு நெலத்தைக் குடுத்துட்டு இந்த மாடி வீட்டை வாங்கினேன். ஏன் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"இங்க எவனும் நாத்து விட முடியாதுன்னுதான்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாரங்கபாணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

உள்ளிருந்து காந்திமதி குரல் கொடுத்தாள். "ஐயா, மன்னிச்சுக்குங்க. எழுந்து வர முடியாது. டாக்டர் படுத்தே இருக்கணும்னு சொல்லியிருக்காங்க."

தர்மலிங்கத்தின் சிரிப்பு நின்றது. அறை வாசல் வரை போய் நின்றார். "எத்தனை மாசம்மா?"

"ஏழு முடியப்போவுதுங்க. போன தடவை தங்கல."

அவர் என் பக்கம் திரும்பினார். "இதை ஒரு கார்டுல எழுதிப் போட்டிருக்கக் கூடாதா தம்பி?"

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றாள் காந்திமதி.

எட்டு நடை சேறு சுமந்தவன் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி, "எம்மவன் அவன் அத்தை வீட்டுல இருந்துக்குவான். கொழந்தை நல்லபடியாப் பொறந்து வளரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். என் லுங்கியைக் கட்டிக்கொண்டு, வேட்டியைப் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு லிப்டில் இறங்கினார். மறுநாள் லிப்டை நான் கழுவினேன். சாரங்கபாணி நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

நாற்றைப் பிடுங்கி எறிய தர்மலிங்கம் விடவில்லை. அடுத்த வாரம் அவரே வந்து ஆறு பிளாஸ்டிக் வாளிகளில் நட்டுக் காட்டினார். ஆவணியில் மகள் பிறந்தாள். ஐப்பசியில் வாளிகளை அறுத்தோம். ஓர் ஆழாக்கு தேறியது. "பாதி எனக்கு" என்று டம்ளரை நீட்டினார். வாங்கிக்கொண்டு, "தகராறு இல்லாம ஒரு குத்தகைக்காரன் எனக்கு அளந்த நெல்லு இதுதான்" என்றார். அந்த வீட்டில் மேலும் மூன்று வருஷம் இருந்தோம்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "நெலமையைச் சொன்னதும் விட்டுக் குடுத்துட்டாரா?" என்றார். மறுபடியும் ஒரு தடவை அதையே கேட்டார்.

மகள் இப்போது சென்னையில் பதினாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறாராம்.

"மொதல்ல அவர்கிட்ட நெலமையை எடுத்துச் சொல்லும்மா" என்றேன், அனுபவஸ்தன் என்ற முறையில்.

"சொல்லிட்டேன்ப்பா, யோசிக்கிறேன்னாரு. எதுக்கும் ஒரு படி விதை நெல் அனுப்பி வைங்க."