மச்சினனைக் கழுவிய மதியம்

ஐந்து மணிக்குள் மச்சினனின் முகம் காகிதத்தில் வந்தாக வேண்டும். மணி மூன்று ஆகிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக் இருட்டறையில் நின்று, தட்டில் மிதந்த வெள்ளைக் காகிதத்தையே கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கின் நுனிகூட வரவில்லை.

மச்சினனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். "செல்போன் படத்தை நான் நம்புறதில்லை. அதுல எல்லாருமே அழகா இருக்காங்க. ஃபிலிம்ல எடுத்து, கறுப்பு வெள்ளையில கழுவின படமா குடுங்க. அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா அடுத்த இடம்."

மெக்கானிக் படம் கழுவும் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும், "இவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மனைவி விடவில்லை. "என் தம்பிக்கு இது பதினேழாவது இடம். பதினாறும் நீங்க எடுத்த படத்தாலதான் போச்சு. இதுவும் போச்சுன்னா நீங்க உங்க லிஃப்ட்லயே குடியிருந்துக்கலாம்."

நல்லவேளையாகப் பக்கத்து மேசையில் பல் டாக்டர் இருந்தார். எட்டு வருடமாகப் பல் எக்ஸ்ரே கழுவியவர். பல்லாகவே பார்த்து அலுத்துப்போய், முழு முகம் ஒன்றைப் பார்க்கும் ஆசையில் வகுப்பில் சேர்ந்தவர். வாத்தியார் வராத நாளில் அவர்தான் வாத்தியார். அன்று வாத்தியார் வரவில்லை. மெக்கானிக்கின் கதையை முழுதாகக் கேட்டு, நெகட்டிவை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "பல் வரிசை பிரமாதம் சார். நான் ஒத்தாசை பண்றேன்" என்று அவராகவே முன்வந்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணுமே வரலியே."

டாக்டர் தட்டை முகர்ந்து பார்த்தார். "டெவலப்பர்ல போட்டாத்தானே சார் படம் வரும். இது ஃபிக்சர். வந்த படத்தை நிக்க வைக்கிறது."

"தட்டுக்குத் தட்டு பேரு எழுதி ஒட்டினேனே. நீங்கதானே பேனா குடுத்தீங்க."

குனிந்து பார்த்தார்கள். ஒட்டிய சீட்டுகளில் ஓர் எழுத்துகூட இல்லை. டாக்டர் கொடுத்தது சிவப்புப் பேனா. எரிவது சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் சிவப்பு எழுத்து மாயமாகிவிடும்.

"அட, எனக்குத் தோணவே இல்லை பாருங்க. இதுதான் டெவலப்பர், போடுங்க. நான் போய்க் கறுப்புப் பேனா எடுத்துட்டு வரேன்."

மெக்கானிக் அடுத்த காகிதத்தில் ஒளி காட்டி, சரியான தட்டில் போட்டார். நெற்றி வந்தது. புருவம் வந்தது. மூக்கு புறப்பட்ட நேரத்தில் டாக்டர் பேனாவும் கையுமாகக் கதவை அகலத் திறந்தார். வெயில் உள்ளே வந்தது. மச்சினன் நிலக்கரி ஆனான்.

"பழக்கதோஷம் சார். கிளினிக்ல கதவைத் திறந்தாத்தான் ஆள் வரும்."

"பரவாயில்லம்மா. இங்க ஆள் போயிட்டான்."

மூன்றாவது காகிதத்தை, "போதும், எடுத்துடுங்க" என்றார் டாக்டர். வெளியே கொண்டுபோய்ப் பார்த்தால் மச்சினன் ஆவி மாதிரி இருந்தான். நான்காவதுக்கு, "அவசரப்படாதீங்க" என்றார். சுத்தமாகச் சவரம் செய்த முகத்தில் ஒரு மாதத் தாடி முளைத்தது.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் படம் ஒன்றைக்கூடக் கழுவாமல் கூடவே நிற்கிறாரே, இப்படி ஒரு மனுஷி யாருக்குக் கிடைப்பார்.

மிச்சம் ஒரே காகிதம். டாக்டர் வெளியே போய் மணி பார்த்துவிட்டு வந்தார்.

"நேரம் ஆயிடுச்சாம்மா?"

"சரியான நேரம் சார். நகருங்க, இதை நானே போடுறேன்."

ஒரு தவறும் நடக்கவில்லை. காது வந்தது. கன்னம் வந்தது. கடைசியாக, பதினாறு படத்திலும் வராத அந்த வெட்கச் சிரிப்பு வந்தது.

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தோடு மெக்கானிக் வெளியே ஓடிவந்தார். ஃபோன் அடித்தது. மனைவி.

"மணி அஞ்சரை. அவங்க அடுத்த இடத்துக்குச் சரின்னுட்டாங்க. இனிமே நீங்க பொறுமையாவே வரலாம்."

மெக்கானிக் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் போச்சும்மா. இது எதுக்கு இனிமே" என்று படத்தைக் கிழிக்கப் போனார்.

டாக்டர் அதைப் பதமாக அவர் விரல்களிலிருந்து விடுவித்து, தன் கைக்குட்டையால் ஓரத்தை ஒற்றினார்.

"கிழிக்காதீங்க சார். இந்த முகம் வேற வீட்டுக்குப் போயிடக் கூடாதுன்னு மத்தியானத்துல இருந்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."