மாஸ்டரின் மனசாட்சி

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த துண்டை எடுத்தாள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. ஊருக்கே ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். தெருவில் ஈ காக்கா இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கில் நிற்பவர். அவரைப் பார்த்தா இந்தக் கேள்வி?

"யாரைப் பாத்து என்ன கேக்கிற? எதுக்குக் கேட்ட, அதைச் சொல்லு!"

"உங்களுக்கே தெரியும்."

இது என்ன அநியாயம்? குற்றம் இன்னதென்று சொல்லாமலே தீர்ப்பா? மாஸ்டர் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"உன் தம்பி கார் கேட்டப்ப கிளட்ச் போயிடுச்சுன்னு சொன்னேனே, அதுவா? ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதுக்குப் போய் மனசாட்சி, மண்ணாங்கட்டின்னு!"

துண்டு பாதி மடிப்பில் நின்றது.

"அப்ப கிளட்ச் நல்லாத்தான் இருந்துச்சா?"

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீ கேட்டது அது இல்லியா?"

"அது மட்டுமா?" என்றாள் அவள்.

இனி சாட்சி வைத்தால்தான் மானம் பிழைக்கும். தன்னிடம் வேலை பார்க்கும் உதவி மாஸ்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்ப்பா, எனக்கு மனசாட்சி இல்லைங்கறாங்க உங்க அண்ணி. நீயே சொல்லு!"

"தெரிஞ்சு போச்சா சார்? பாவம், வேணாம்னு அன்னிக்கே சொன்னேன். மேட்டுல ஏறுறப்ப, உங்க காலடியில இருக்கிற ரெண்டாவது பிரேக்கை நீங்க அமுக்கி அமுக்கித்தான அண்ணி மூணு தடவையும் லைசென்ஸ் டெஸ்ட்ல ஃபெயிலானாங்க..."

மாஸ்டர் போனை அணைப்பதற்குள் எல்லாம் வந்து விழுந்துவிட்டது.

மனைவி எழுந்தாள். "நான் மக்கு, எனக்கு வண்டியே வராதுன்னு அழுதேனே! நீங்கதான கண்ணைத் துடைச்சுவிட்டீங்க!"

"நீ பாஸாயிட்டா கார் என் கைக்கே வராதேன்னு..."

"நாளைக்கு நாலாவது தடவை டெஸ்ட்டுக்குப் போறப்ப நீங்க வண்டியில ஏறவே கூடாது. சாவியைக் குடுங்க!"

சாவி கை மாறியது. மாஸ்டருக்கு ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

"எல்லாம் சரி, இதையெல்லாம் உனக்கு யாரு போட்டுக் குடுத்தா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுத் தையல்காரி வாசலில் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, ஒண்ணும் தெரியலைன்னாலும் சும்மா 'மனசாட்சி இருக்கா'ன்னு கேட்டு வைங்கன்னு சொன்னேனே, ஏதாவது தேறுச்சா?"