பாய்லரின் பன்னிரண்டு முட்டைகள்

பாய்லர் அளந்ததை நான் அளந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருட்டுதான், வேறு பெயர் வேண்டாம். அதுவும் பூமியின் காய்ச்சலை முட்டை வைத்துப் பார்த்த, உலகத்திலேயே ஒரே மனிதரிடம்.

எண்பதுகளில் நான் கல்லூரி விரிவுரையாளர். நிலத்தடி வெந்நீர் எங்கிருந்து வந்து எப்படி ஓடுகிறது என்று கணினியில் மாதிரி போட மாணவர்களைப் பழக்கினேன். அந்தச் சூட்டிலிருந்து ஒருநாள் மின்சாரம் எடுப்போம் என்று நம்பினோம். சுங்கை சோ என்ற ஊருக்கு வடக்கே ஒரு தோட்டத்துச் சுடுநீர் ஊற்றுக்குப் பஸ்ஸில் போனோம். அங்கே ரப்பர் ஆலையின் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர்தான் பாய்லர். வேலை வாங்கும் மண்டோர் முதல் சொந்த மனைவி வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சதுப்பில் பன்னிரண்டு குழிகள் தோண்டி, கரியால் எண் எழுதிய வாத்து முட்டைகளை இறக்கி, அரை மணி கழித்து எடுத்து, தின்றே சூட்டைச் சொல்வார்.

"மூணாம் நம்பர் கொழகொழன்னு இருக்கு. ஆத்தோரம் ஒம்பதாம் நம்பர் கல்லு. சூடு ஆத்துப் பக்கமிருந்து வருது சார்."

"மலைப் பக்கம்னு கம்ப்யூட்டர் சொல்லுது."

"அது முட்டை தின்னுச்சா?"

மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுட்டது. எங்கள் வெப்பமானிகளோ சேற்றில் உடைந்துபோயின. கல்லூரிக்குத் திரும்பியதும் அவர் முட்டைகளை டிகிரிகளாக மாற்றிக் கணினிக்குக் கொடுத்தேன். மாதிரி முதன்முறையாகப் பொருந்தியது. அறிக்கையில் என் பெயர் மட்டும்.

மறு வருடம், அந்தப் பயணத்தில் வந்திருந்த ஒரு மாணவி அதைப் புரட்டிவிட்டு, "சார், இது பாய்லரோட முட்டைலா?" என்றாள். அன்றிரவே தட்டச்சுப் பொறி முன் உட்கார்ந்தேன்.

பாய்லருடைய உண்மைப் பெயரை முதலில் வைத்து, அறிக்கையை மறுபடி தட்டச்சு செய்து, அவர் குடியிருந்த லயத்து வீட்டுக்கே கொண்டுபோனேன். மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் விரல் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினார்.

"பேரு இருக்கு. முட்டை எங்க?"

"டிகிரியா மாத்திட்டேண்ணே."

"யாரக் கேட்டு மாத்துன? ஒம்பதாம் நம்பர பல்லால கடிச்சுப் பாத்தவன் நானு. எழுதுய்யா."

'சார்' போயிருந்தது. எழுதினேன். கொழகொழ, கல்லு எல்லாம் உள்ளபடியே. துறைத் தலைவர் அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னார், மாட்டேன் என்றேன். பதவி உயர்வு அதோடு நின்றது. நிற்கட்டும். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்தை மாற்ற மாட்டேன்.

மன்னித்ததாகப் பாய்லர் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை எங்கள் பஸ் போய் நின்றபோது குழிகள் தயாராக இருந்தன. கூடையில் எண் போட்ட பன்னிரண்டு முட்டைகளோடு பதின்மூன்றாவதாக ஒன்று. அதில் எண் இல்லை. கரியால் என் பெயர் எழுதியிருந்தது.