பெண் பார்க்கப் போன பேட்டரி

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் லேசில் நம்பமாட்டான். டார்ச்லைட் மங்கினால் பேட்டரிகளை உருவி லயத்து வரிசை வீடுகளின் தகரக் கூரையில் காய வைப்போம். வடகத்துக்குப் பக்கத்தில் அதுவும் காயும். சாயங்காலம் எடுத்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் எரியும். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் நான் பெண் பார்க்கவே போனேன்.

எண்பதுகளின் கடைசி அது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். கைமாறி வந்த பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தேன். பழைய சொந்தக்காரர் அதில் அலாரம் பொருத்தியிருந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட்; அழுத்தினால் அலாரம் பூட்டும், மறுபடி அழுத்தினால் திறக்கும்; ஒவ்வொரு தடவையும் கார் ‘கீக்’ என்று பதில் சொல்லும். எங்கள் வட்டாரத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. (விடுவேனா?) சாப்பிடும்போது ஜன்னல் வழியாக ஒரு கீக். கோவிலை விட்டு வந்ததும், செருப்பைத் தேடுவதற்கு முன்னால் ஒரு கீக். இப்படி வேலை வாங்கினால் எந்தப் பேட்டரி தாங்கும்? கார் காது மந்தமானதுபோல் நடந்துகொள்ள ஆரம்பித்தது.

“பேட்டரி ஹாபிஸ்லா, முடிஞ்சிபோச்சு, புதுசு போடு” என்றார் அலாரம் கடைச் சீனர். எனக்கா கதை சொல்கிறாய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதைக் கூரையில் காய வைத்தேன். மறுநாள் ‘கீக்’ கேட்டது. அறிவியலை வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் பெயர் தேவகி. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டம். கோவில் திருவிழாவில் பார்த்த நாளிலிருந்து கட்டினால் இவளைத்தான் என்று இருந்தேன். சிக்கல் அவள் அப்பா. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். ஆடம்பரம் அவருக்கு ஆகவே ஆகாது. முன்பு வந்த ஒரு மாப்பிள்ளையைக் கழுத்துச் சங்கிலியின் பருமனைப் பார்த்தே அனுப்பிவைத்தவர்.

“அந்தக் கீக்கு பூக்கு எல்லாம் அங்க வச்சுக்காதடா” என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். காரை நிறுத்தினேன். வாசலில் மண்டோர் நின்றார். ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ அசைந்தது போலிருந்தது. என் கட்டைவிரல் என் பேச்சைக் கேட்கவில்லை. கீக்!

மண்டோரின் முகம் சுருங்கியது.

“பழத்தட்டு காருக்குள்ளயே இருக்கு, எடுத்துட்டு வா” என்றார் அம்மா.

அழுத்தினேன். சத்தமில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். கையைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்தினேன். வேறு வழியில்லாமல் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். அவ்வளவுதான், கார் ஊளையிடத் தொடங்கியது.

கோழிகள் வேலி தாண்டின. லயமே வாசலுக்கு வந்துவிட்டது. “ஞாயித்துக்கெழமையும் சங்கு ஊதி வேலைக்குக் கூப்புடுறானுங்களா?” என்று ஒருவர் கத்தினார். காருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார் இன்னொருவர். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேவகி கைநழுவிப் போய்விட்டாள் என்றே முடிவு செய்தேன்.

பதற்றத்தில் மனிதனுக்குத் தெரிந்த வைத்தியம்தானே கைக்கு வரும்? ரிமோட்டைப் பிளந்து, பேட்டரியை எடுத்து, வெயிலில் கொதிக்கிற கார் பானட்டின் மேல் வைத்தேன். உருண்டு விழாமல் இரண்டு கையாலும் அணை கட்டிக்கொண்டு நின்றேன்.

மண்டோர் அருகே வந்தார். “என்ன தம்பி பண்றீங்க?”

“வெயில்ல... காய வைக்கிறேங்க.”

“என்னது?”

“பேட்டரிங்க!” என்று சைரனுக்கு மேல் கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே டார்ச்லைட் பேட்டரிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“ஏ தேவகி! இங்க வந்து பாரு! புதுசு வாங்கு, புதுசு வாங்குன்னு என் உயிர வாங்குறியே! காரு வச்சிருக்கிற புள்ளயே காய வைக்கிது!”

தேவகி வாசலுக்கே வந்துவிட்டாள். பேட்டரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அம்மா, இந்த வீட்டுக்கு இப்படி ஒரு ஆளு பத்தாதா?” என்று உள்ளே இருந்த தன் அம்மாவிடம் கேட்டாள்.

சுடச்சுடப் பேட்டரியை உள்ளே போட்டு அழுத்தினேன். கீக். ஊளை நின்றது. மண்டோர் கைதட்டினார். “பாத்தியா! சூடு காட்டினா எந்திரிச்சிரும்!” பெண் கொடுப்பதாக அவர் அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். பெண்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

தேத்தண்ணித் தட்டோடு வந்தவள் நேராக என்னிடமே கேட்டாள்: “நான் ரேடியோவுக்கும் டார்ச்சுக்கும் புதுசுதான் போடுவேன். சம்மதமா?”

“ரிமோட்டுக்கும் சேத்து” என்றேன். அப்போதுதான் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகக் கார் இன்னொரு தடவை ஊளையிட்டிருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

கல்யாணம் முடிந்து கிளம்பியதும், பத்தாங் பெர்ஜுந்தாய் கடையில் காரை நிறுத்தச் சொல்லி முதல் வேலையாகப் பேட்டரி வாங்கினாள். அது வெகுநாள் உழைத்தது. (என் கட்டைவிரல் அவள் கண்காணிப்பில் இருந்ததும் ஒரு காரணம்.)

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். காலையில் வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் கண்மூடி உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகள் கத்துவார்கள்: “பாட்டி! தாத்தா பேட்டரி காயுது!”

காய வைப்பதை ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதவள், சமையலறையிலிருந்து பதில் சொல்வாள்: “எழுப்பாதீங்கலா. அது இன்னும் ரொம்ப நாளு ஓடணும்.”