மாமியாருக்கு ஒரு பாத்ரூம்

கீழ் அறையில் புதிதாகக் கட்டிய பாத்ரூம் முத்தமிழ்செல்வனைப் பார்த்து மறுபடியும் களக் களக் என்றது. மாடியில் யாராவது ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், கீழே தரைச் சல்லடை தொண்டையைச் செருமும். அதன் பின்னால் கிளம்பும் வாடையைப் பற்றி, சாப்பாட்டு நேரத்தில் படிப்பவர்களை நினைத்து, விரிவாகச் சொல்லாமல் விடுகிறேன்.

மறுநாள் காலை மாமியார் பூங்காவனம் திருமானூரிலிருந்து பெட்டி படுக்கையோடு வருகிறார். மாமனார் போனபிறகு அங்கே தனியாகத்தான் இருக்கிறார். முட்டி வலி, படி ஏற முடியாது. அரியலூரில் இவர்கள் வீடு சரிவான மனையில் நிற்பதால், தெருவிலிருந்து பார்த்தால் கீழ் அறை பூமிக்குள் இருக்கும், கொல்லைப் பக்கம் சமதரை. படியே ஏறாமல் நுழையலாம். அம்மாவை நினைத்தால் தூக்கமே வரவில்லை என்று மனைவி ஹேமலதா சொன்ன அன்றே முத்தமிழ்செல்வன் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டான். அவனுக்கும் மாமியார் என்றால் உயிர். அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பு அதற்கு ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சாக்கடைக் குழாய்க்கும் மூச்சு விட வழி வேண்டும், இல்லாவிட்டால் வாடையைத் தடுக்க சல்லடைக்கு அடியில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்று பிளம்பர் வீரமணி விளக்கி, மொட்டை மாடி வரை ஒரு காற்றுக் குழாயை ஏற்றினான். அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. வேலை முடிந்ததும் மாமியார் ஒரு நாள் வந்து பார்த்தார். துளி வாடை இல்லை.

"ராசாத்தி வூடு மாதிரி இருக்கு மாப்ள. கண்ணு பட்டுடக் கூடாது" என்று கலங்கிவிட்டார். நடுவில் கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது வேர்த்துப்போய் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சும்மா சுத்திப் பார்த்தேன் என்றார்.

அவர் பஸ் ஏறிய மறுநாளே செருமல் தொடங்கியது.

முத்தமிழ்செல்வன் ஆசிட் ஊற்றினான். வாடையோடு கண்ணெரிச்சலும் சேர்ந்தது. ஈரச் சாக்கைத் திணித்துச் சல்லடையை அடைத்தான். மாடியில் ஹேமலதா பக்கெட்டைக் கவிழ்த்ததும் சாக்கு எகிறி அவன் வேட்டியில் வந்து விழுந்தது. வீரமணியோ வந்த வேகத்தில் புது டைல்ஸைப் பெயர்த்தான். உள்ளே ஒரு அடைப்பும் இல்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று முத்தமிழ்செல்வன் கேட்டதற்கு, "காத்துக் குழாய்ல என்ன சார் கெட்டுப்போகும்? அதுல காத்துதானே இருக்கு" என்று அடித்துப் பேசிவிட்டு, வாடையை வெளியே தள்ள ஒரு ஃபேன் மாட்டினான். அது சாக்கடைக்குள் இருந்த மிச்ச வாடையையும் அறைக்குள் இழுத்துக் கொடுத்தது. ஹேமலதா மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள், எதற்கு அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும்.

மாமியார் சொன்னபடி வந்து இறங்கினார். வாசற்படியிலேயே மூக்கு சொல்லிவிட்டது. பெட்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"என்னால உங்களுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? அடுத்த பஸ்ஸுக்கே நான் போயிடறேன்."

முத்தமிழ்செல்வன் குறுக்கே போய் நின்றான். பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"போகாதீங்க அத்தை. எவன் கண்ணோ பட்டுடுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

பூங்காவனம் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அதெப்படி மாப்ள படும்? போன தடவை வந்தப்பவே இந்த முட்டியோட மாடி ஏறி, தொட்டிக்குப் பின்னால நிக்குற குழாய் வாயில திருஷ்டிச் சட்டியைக் கவுத்து, காத்துல விழுந்துடாம சுத்தியும் சிமெண்டு பூசிட்டுல்ல போனேன்!"