விளக்கைக் கணக்கில் விட்ட கதை

பயந்தவர்களில் இரண்டு வகை உண்டு. ஆபத்தைக் கண்டால் ஓடுகிறவர்கள் ஒரு வகை. ஓடினால் யாராவது ஏன் ஓடுகிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, நின்ற இடத்திலேயே நின்று "ஓம் சேர்" என்று சொல்கிறவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது வகை. ஒரு மெத்தை என் கண்முன்னே செத்துப்போகும் வரை, இதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை.

சீனக்குடாப் பக்கம், துறைமுகத் தண்ணீர் தெரிகிற தூரத்தில், ரப்பர் பாலில் மெத்தை செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. (பெயர் வேண்டாம். அவர்கள் என்னை மறந்திருந்தால் மறந்தபடியே இருக்கட்டும்.) இரசாயனவியல் பட்டத்தோடு தர மேற்பார்வையாளனாக அங்கே சேர்ந்தேன். ரப்பரைப் பற்றி அச்சில் வந்த எதையும் நான் வாசிக்காமல் விட்டதில்லை. ரப்பரைத் தொட்டதுதான் இல்லை.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். நிரந்தரமாக்கும் கடிதம் கைக்கு வந்தால்தான் வதனியின் அப்பா எங்கள் கலியாணத்துக்கு நாள் பார்ப்பார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி இளைப்பாறியவர். கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் எதையும் தூக்கமாட்டார். என்னை ஆறு மாதமாகத் தரையிலேயே வைத்திருந்தார்.

ரப்பர் மெத்தை செய்வது பாதி கேக் அடிப்பது, பாதி இட்டலி அவிப்பது. கேகாலைப் பக்கத்திலிருந்து பீப்பாய்களில் பால் வரும். அது கெடாமலிருக்கப் போட்ட அமோனியாவின் நெடியில் கண் தானாகவே அழும். (புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு அது நல்ல வசதி.) கந்தகமும் சவர்க்காரமும் இன்னும் சில சாமான்களும் சேர்த்து, பெரிய பானையில் போட்டு அடித்தால், முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைத்து எழும்பும். கடைசியாக நுரையை உறையவைக்கிற கரைசலை ஊற்றவேண்டும். அதன் நீளமான பெயர் எனக்குத் தெரியும். வேலை தெரிந்தவர்கள் அதை 'மருந்து' என்பார்கள். மருந்து ஊற்றினால் ஏழு நிமிடம். அதற்குள் நுரையை அச்சில் வார்த்து மூடிவிட வேண்டும். அச்சுக்குள் அலுமினிய முளைகள் வரிசையாக நிற்கும். மெத்தையில் காணும் துளைகள் அவை நின்ற இடங்கள்தான். அதன்பிறகு நீராவியில் அவிப்பது, உரிப்பது, கழுவுவது, உருளைகளுக்கு நடுவே பிழிவது, சூட்டறையில் உலர்த்துவது எல்லாம் ஆறுதலாகச் செய்கிற வேலை. அந்த ஏழு நிமிடத்தில் மட்டும் யாரும் யாரோடும் கதைக்கமாட்டார்கள்.

பானைக்குப் பொறுப்பு மூதூர் நசார் நானா. பக்கத்தில் நேரம் பார்க்கிற கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பொறுப்பு. அதில் பிழைவிட வழியே இல்லை என்று நினைத்திருந்தேன்.

என் ஆறு மாதம் முடிகிற அன்று புதிய பானைக்குத் திறப்பு விழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பிரதம அதிதியாக வருவதாக ஏற்பாடு. மனேஜர் காலையில் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். சத்தம் போடவே மாட்டார். அதனால்தான் அவ்வளவு பயம்.

"அச்சில முதல் ஊத்து அதிதியின்ர கையால. அவரைக் காக்க வைக்க ஏலாது. வந்தவுடன எல்லாம் ரெடியா இருக்கவேணும். விளங்குதோ?"

"ஓம் சேர்."

"உம்மட கடிதம் என்ர மேசையில இருக்கு. பின்னேரம் வந்து எடும்."

நான் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். வாசலிலிருந்து மண்டபத்துக்கு இரண்டு நிமிடம். வெற்றிலை கொடுத்து வரவேற்க ஒரு நிமிடம். பானைக்கு நடந்துவர ஒரு நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம் கையில். எனவே வாகனம் வாசலுக்குள் நுழையும்போதே மருந்தை ஊற்றிவிடலாம். அவர் வந்து எங்கள் பானையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

"தம்பி, அவரு வந்து நிண்ட பொறகு ஊத்தினா என்ன?" என்றார் நசார் நானா.

தாளைக் காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். காவலாளி போனில் சொன்னதும் மருந்தை ஊற்றினார். நான் கடிகாரத்தை அழுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தேன்.

மண்டப வாசலில் குத்துவிளக்கு நின்றது.

காலையில் அதற்கு எண்ணெய் விட்டவன் நான். ஐந்து திரியும் போட்டவன் நான். உச்சியிலிருந்த சேவலைப் புளி போட்டு மினுக்கியவனும் நான்தான். கணக்கில் மட்டும் அதை விட்டுவிட்டேன். இந்த நாட்டில் ஒரு தண்ணீர்க் குழாயைத் திறப்பதானாலும் விளக்கேற்றாமல் திறக்கமாட்டார்கள். ஐந்து திரிக்கு ஐந்து பேர். ஒவ்வொருவரையும் பட்டம் பதவியோடு மூன்று மொழியிலும் அழைப்பார்கள்.

மூன்றாவது நிமிடத்தில் அதிதி முதல் திரியை ஏற்றினார். இரண்டாவது திரியை மனேஜர் ஏற்றினார். மூன்றாவது ஆள் குனிந்தபோது துறைமுகத்திலிருந்து காற்று வந்தது. ஏற்றிய இரண்டும் அணைந்தன. எல்லோரும் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்கினார்கள். எனக்கு உள்ளங்கால் வேர்த்தது. (அதுவரை அங்கே வேர்க்கும் என்று எனக்குத் தெரியாது.) ஐந்தரை நிமிடம். நானா நுரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, போய்ச் சொல்லுங்க."

"என்னெண்டு?"

"உறையுது எண்டு."

"ஆரிட்ட?"

அவர் கண்ணால் மனேஜரைக் காட்டினார். விளக்கை நோக்கிக் காலெடுத்து வைத்தேன். மேசையிலிருந்த கடிதம் தெரிந்தது, வதனியின் அப்பா தெரிந்தார், கொக்கி தெரிந்தது. அந்த நேரத்தில் மனேஜர் திரும்பி, ரெடியா என்று புருவத்தால் கேட்டார். என் தலை ஓம் என்று ஆடியது. சத்தியமாக, நான் ஆட்டவில்லை.

திரும்பி வந்தபோது நானா அடிக்கிற கம்பியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார். மெஷினையாவது காப்பாற்றுவோம் என்று முணுமுணுத்தார். அடுத்த காற்றுக்கு ஐந்து திரியும் தாக்குப்பிடித்தன. பிறகு கைதட்டினார்கள். பிறகு படம் எடுத்தார்கள்.

பதினோராவது நிமிடத்தில் அதிதி பானைக்கு முன்னால் வந்து, ரிபன் கட்டிய கைப்பிடியை இழுத்தார். பானை சரிந்தது. ஒன்றும் வரவில்லை. இன்னும் இழுத்தார். பானை தலைகீழாகியது. அப்போதும் ஒன்றும் வரவில்லை. அதிதி குனிந்து உள்ளே பார்க்கப்போனார். நான் கண்ணை மூடினேன்.

'பொளக்' என்றொரு சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தால், அச்சின் நடுவில், முளைகளுக்கு மேல், பானையின் வடிவத்திலேயே வெள்ளை வெளேரென்று, முட்டையும் தேங்காய்ப்பாலும் அவித்துக் கவிழ்த்த மாதிரி, ஒரு வட்டிலாப்பம் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் என்னைப் போலவே நடுங்கிய ஒரே பொருள் அதுதான்.

"இதுதான் மெத்தையா?" என்று கேட்டார் அதிதி.

எல்லோரும் மனேஜரைப் பார்த்தார்கள். மனேஜர் என்னைப் பார்த்தார்.

"ஓம் சேர்," என்றேன்.

அதிதி கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

பின்னேரம் மனேஜரின் அறைக்குப் போனேன். கடிதம் மேசையில் இருந்தது. ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டார், அதே சத்தமில்லாத குரலில்.

"பயம் சேர்," என்றேன். ஆறு மாதத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அது.

கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டுவதாகச் சொன்னார்.

"பயப்பிட வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. இனிமேல் சத்தமாப் பயப்பிடும்."

அங்கிருந்து வதனி வீட்டுக்குப் போனேன். அது அதைவிட நீளமான நடை. கதையைக் கேட்ட வதனி சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டாள். அவளுடைய அப்பா சிரிக்கவில்லை. விளக்கையா விட்டனீர் என்று மட்டும் கேட்டு, கொக்கியைப் பார்க்கிற மாதிரிக் கூரையைப் பார்த்தார். 

"மூண்டு மாதந்தானே," என்றார் கடைசியில். "தொங்கட்டும்."

அதாவது, என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார்.

கடிதமும் வந்தது, கலியாணமும் வந்தது. மணவறையில் தாலியைப் பிடித்துக்கொண்டு, முடிச்சு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போய், அங்கேயே காத்துக்கொண்டு நின்றது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல் ஆறுதலாக வந்தது.

"தம்பி, மருந்து ஊத்தியாச்சு."

நசார் நானாதான். அந்தச் சிரிப்பில் எப்படியோ முடிச்சு விழுந்துவிட்டது. அவருடைய பரிசை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பிரித்தால் அந்த வட்டிலாப்பம். அன்றைக்கே வீசாமல் எடுத்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் அவித்து, கழுவி, காயவைத்து வைத்திருந்திருக்கிறார்.

அது இன்றைக்கும் எங்கள் முன்னறையில் இருக்கிறது. நல்ல ரப்பர், இத்தனை வருடத்தில் ஓரிடத்திலும் அமுங்கவில்லை. கதிரைகள் சும்மா கிடக்க, மகள் அதில் ஏறியிருந்துதான் படிப்பாள், சாப்பிடுவாள். நேற்று மத்தியானம் வதனி சோற்றுக் கரண்டியோடு நின்று, இன்னும் போடவா என்று கேட்டாள். நான் யோசித்தேன்.

"அப்பா," என்றாள் மகள் அதன் மேலிருந்து, "மருந்து ஊத்தியாச்சு."

ஓம் என்றேன். எனக்குப் பசியே இல்லை.